கீழ் வீட்டு டெஸ்க்டாப்

கண்ணாடிக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வீர சபதம் எடுத்தார். கணினியில் போடுவதில் இந்த ரக லினக்ஸ்தான் கடைசி. இதற்கப்புறம் சத்தியமாக வேறெதையும் தொடுவதில்லை. எடுத்த வேகத்தில் பென் டிரைவைச் செருகினார். அந்த வருடத்தில் அது பதினாலாவது கடைசி.

கடைத்தெருவில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர் மூக்கில் ஒரு கனமான சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பது ஆறு நாள் பிழைப்பு. ஏழாவது நாள் அதே குரலில் வீட்டில் கேட்பார். "மெனு மேல இருந்தா நல்லாருக்கா, கீழ இருந்தாவா? ஜன்னல் மூலை வட்டமா, சதுரமா?" மனைவி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லியாக வேண்டும். விட்டுப் போகவும் வழியில்லை. அவள் பிழைப்பும் அந்தக் கணினிப் பெட்டிக்குள்தான் இருந்தது. குழந்தைகள் கவுன் தைக்கிற கம்பெனிக்கு அவள் கணினியில் வெட்டுப் படம் வரைந்து, நிஜ அளவில் அச்செடுத்துக் கொடுப்பவள்.

திங்கட்கிழமை காலை அச்சு வந்தது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க."

"என்னம்மா?"

"இது என்ன?"

"கவுனோட கை."

"யாருக்கு? என் கட்டை விரலுக்கா?"

"பிரிண்டர் செட்டிங் லேசா..."

"நேத்து காலை வரைக்கும் ஆறு வயசுப் பிள்ளைக்குப் போடற மாதிரி வந்துச்சே?"

"அது பழசும்மா! இதுல உனக்கு எத்தனை விருப்பம் இருக்கு தெரியுமா? நாப்பது தீம். பன்னெண்டு மெனு. சுதந்திரம்!"

"எனக்கு ஒரே விருப்பம்தான். நீங்க கடைக்குக் கிளம்புங்க."

மதியம் சாப்பிட வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. அவர் படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, கீழ் வீட்டுப் பல் டாக்டரின் கிளினிக்கிலிருந்து மனைவி ஏறி வந்தாள். கையில் சுருட்டிய அச்சுத் தாள். முகத்தில் ஆறு மாதமாக அவர் பார்க்காத ஒரு பிரகாசம்.

"ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் அங்க கம்ப்யூட்டர் சும்மாத்தாங்க இருக்கு. இருபது நிமிஷத்துல முடிச்சுட்டேன்."

"அவன் என்ன போட்டிருக்கான்?"

"லினக்ஸ்தான்."

கண்ணாடிக்காரருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வேறெதையாவது போட்டிருந்தால் 'அடிமை' என்று திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். இவன் நம் கட்சிக்காரன். அதுவும் கல்யாணமாகாத கட்சிக்காரன்.

"மூணு வருஷமா ஒரே டெஸ்க்டாப்பாம். வச்ச ஐகான் வச்ச இடத்துல இருக்குங்க."

"மூணு வருஷமா மாத்தலியா? சோம்பேறிப் பய."

"நிதானமான மனுஷன்னு சொல்லுங்க."

"யாரு போட்டுக் கொடுத்தது?"

"யாரோ போட்டுக் கொடுத்தாங்களாம். யாரா இருந்தா என்ன? அவங்க மூளை மூளைங்க!" சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆக எதிரி ஒருவனல்ல, இருவர். ஒருவன் பல். இன்னொருவன் மூளை. கண்ணாடிக்காரர் சோற்றை விட்டுவிட்டுக் கரண்டியைக் கடித்தார்.

செவ்வாயும் புதனும் மணி ஒன்றடித்தால் அவள் தலைவாரிக்கொண்டு கீழே போனாள். கடையில் அவருக்குக் கை ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு வில்லைக்கு மேல் வில்லையாக ஐந்தை அடுக்கிவிட்டு, "இப்ப எப்படி சார்?" என்றார்.

"எதுவுமே தெளிவா இல்லீங்க."

"எனக்கும்தான்," என்று பெருமூச்சு விட்டார் கண்ணாடிக்காரர்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவருக்குப் பல்வலி வந்தது. வரவழைத்துக்கொண்டார் என்பதே சரி. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கிளினிக்குக்குள் நுழைந்தவர், நாற்காலியில் சாய்ந்ததும் முதலில் தேடியது கணினியை. அது டாக்டரின் தோளுக்குப் பின்னால், பாதி மறைந்து இருந்தது.

"ஆ காட்டுங்க சார். இந்தக் கடைவாய்ப் பல்லா?"

கண்ணாடிக்காரர் திரையைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். டாக்டர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஓட்டையாத்தான் இருக்கு. ரொம்ப நாளா வலியோ?"

மெனு மேலா, கீழா என்று பார்க்கக் குனிந்தார். அதுவும் ஆமாம்.

"எடுத்துரலாமா?"

அந்த நேரம் பார்த்து டாக்டர் ஒரு பக்கம் நகர, திரை முழுதாகத் தெரிந்தது. இடது மூலையில் ஒரு கத்தரிக்கோல் ஐகான்! அவர் வீட்டுப் பெட்டியில் தொலைந்துபோன, மனைவி வெட்டுப் படம் வரைகிற அதே கத்தரிக்கோல்! அவர் தலை தானாகத் தொங்கியது.

"நல்ல முடிவு சார். நிறைய பேர் யோசிப்பாங்க."

பல் வெளியே வந்தது. டாக்டர் கை கழுவப் போன இடைவெளியில், வாயில் பஞ்சோடு பாய்ந்து விசைப்பலகையைத் தட்டினார். 'அட்மின் பாஸ்வேர்டு?' என்று கேட்டது பெட்டி.

"அதுல ஒண்ணும் மாத்த முடியாது சார்," என்று துண்டில் கை துடைத்தபடி வந்தார் டாக்டர். "பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தவங்ககிட்டதான் இருக்கு. எனக்கே தெரியாது. அதனாலதான் மூணு வருஷமா ஓடுது."

ஃபீஸ் எவ்வளவு என்று விரலால் கேட்டார்.

"உங்ககிட்ட வாங்குவேனா? உங்க வீட்டுக்கு நான் ஒரு பல் கடமைப்பட்டிருக்கேன் சார்."

கடமையா! மாடிப்படி ஏறும்போது, மரத்துப்போன தாடையைத் தவிர உடம்பு முழுக்க எரிந்தது.

பேச வாய் வரவில்லை. கட்டை விரல் அளவு வந்த அந்தக் கவுன் கையின் தாளைத் திருப்பி எழுதினார்: 'அதே லினக்ஸ் போடுகிறேன். இனி மாற்ற மாட்டேன். கீழே போகாதே.'

மனைவி படித்தாள். "இத பதினாலு தடவ கேட்டாச்சு. போட்டதும் பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கணும். சரியா?"

'அது மட்டும் முடியாது.'

"சரி. மணி ஒண்ணாச்சு." சீப்பை எடுத்தாள்.

'நில்! உன்னிடமே இருக்கட்டும்.'

அவள் கணினி முன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த முறை அவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். பென் டிரைவ் ஏறியது, வட்டு பகுதிகளாகப் பிரிந்தது, கட்டளை அடிக்கிற டெர்மினல் திறந்தது. விரல்கள் கடகடவென்று ஓடின. நடுவில் ஒருமுறை திரும்பி, அவர் கடைக் குரலிலேயே கேட்டாள்: "சார், மெனு மேல இருந்தா நல்லாருக்கா, கீழ இருந்தாவா?" அரை மணி நேரத்தில் பிரிண்டர், ஆறு வயதுப் பிள்ளை தாராளமாகக் கை நுழைக்கிற ஒரு கையைத் துப்பியது.

'யார் சொல்லிக் கொடுத்தது? அவனா?'

"நீங்கதான். ஆறு வருஷமா ஞாயிறு தவறாம பின்னால நிக்க வச்சீங்களே, வேடிக்கையா பாத்தேன்?"

பென்சில் மறுபடி ஓடியது. 'அப்படியானால் கீழே போட்டது?'

"நான்தான் போட்டேன். நீங்க பழசுன்னு தூக்கி எறிஞ்ச பென் டிரைவ்லேர்ந்து. ஒண்ணும் வேணாம்னு சொன்னா டாக்டர் கேக்கல. எப்ப வேணாலும் உங்க வீட்ல ஒருத்தருக்கு ஒரு பல் சும்மா எடுத்துத் தரேன்னார்." அவர் கன்னத்தை உற்றுப் பார்த்தாள். "எடுத்துட்டாரு போலிருக்கே?"

'என்னிடம் ஏன் சொல்லவில்லை?'

"சொன்னா நீங்க ஞாயித்துக்கிழமை அங்கயும் போய் மாத்தியிருப்பீங்களே!"

கண்ணாடிக்காரருக்கு ஒரு பக்கம் அசடு வழிந்தது. இன்னொரு பக்கம் பஞ்சு. ஆனாலும் மனசு லேசானது. மூளை என்றாளே, அந்த மூளை இவள்தானா! பொறாமைப்பட இனி ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாற்றுவதற்கு இல்லை, சும்மா பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே நுழையச் சொல்லித் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன.

மேலே, 'எஜமானி'. கீழே, பாஸ்வேர்டே தேவைப்படாத, எதையும் மாற்ற அனுமதி இல்லாத அவருடைய பெயர்: 'விருந்தாளி'.