பிளாஸ்டிக் ஜன்னலும் துதோரெலின் முதுகும்

இனி தன் வாழ்நாளில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னலையும் தொடுவதில்லை என்று துதோரெல் சபதம் எடுத்தபோது, அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னலின் கைப்பிடி இருந்தது. கைப்பிடி மட்டும்.

மிச்ச ஜன்னல் அவன் தோளில் இருந்தது. மேல் கீல் கழன்று, கீழ் மூலையில் ஒற்றைக் கீலைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் அதிகமாகக் குடித்துவிட்ட மாமனைப் போல அறைக்குள்ளே சாய்ந்து நின்றது. வீடு கிரியாக் அம்மாளுடையது. டான்யூப் நதிக்கரையிலுள்ள கலாட்ஸ் நகரின் விளிம்பில் புதிதாக எழும்பிய 'பனோரமா' குடியிருப்பில் ஆறாவது மாடி. ஈஸ்டருக்கு இன்னும் பத்து நாள். ஊரே ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த நேரம்.

"மேஸ்திரி! உடைச்சிட்டீங்களே!"

"நான் உடைக்கலை அம்மா. திறந்தேன்."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!"

"நேத்து வரைக்கும் யாராவது திறந்தீங்களா?"

"எதுக்குத் திறக்கணும்? தூசி வரும்."

"அப்ப ஜன்னல் எதுக்கு? சுவரே போதுமே!"

"ஆயுசுக்கும் உழைக்கும்னு சொன்னாங்க."

"யாரோட ஆயுசுக்குன்னு கேட்டிருக்கணும்."

கிரியாக் அம்மாள் வாசற்கதவைத் திறந்தாள். மாடிப்படி ஓரமாகப் போய் நின்று, ஜன்னல் துடைப்பவன் ஜன்னலை உடைத்துவிட்டான் என்று ஆறு மாடிக்கும் அறிவித்தாள்.

துதோரெல் இருபத்து மூன்று வருஷமாக ஜன்னல் துடைக்கிறவன். மர ஜன்னல், இரும்பு ஜன்னல், துறைமுக அலுவலகத்தின் ஆளுயரக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் பார்த்தவன். அவையெல்லாம் அழுக்காக இருந்தன. துடைத்தால் சுத்தமாயின. அவ்வளவு எளிய வாழ்க்கை. இந்தப் புதிய ரகம் வந்த பிறகுதான், துடைக்கும் முன்பு ஜன்னலிடம் உடல்நலம் விசாரிக்க வேண்டிய நிலைமை. கைப்பிடியைக் கிடையாகத் திருப்பினால் கதவு போலத் திறக்கும். மேலே திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். விலை மலிந்த ஜன்னலோ வாடிக்கையாளரின் மனம் கோணாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். ரப்பர் பட்டையைத் துடைத்தால் பட்டை துணியோடு வந்துவிடும். சட்டத்தின் மேல் ஒட்டி வந்த பாதுகாப்புத் தாளைக் கட்டிடக்காரர்கள் உரிக்க மறந்திருப்பார்கள். இரண்டு கோடை வெயிலில் தாளும் சட்டமும் பிரிக்க முடியாத தம்பதியாகியிருக்கும். பால்கனிக் கதவுகளுக்கோ கட்டி ஒரு வருஷத்திலேயே கீல்வாதம். காலால் தூக்கிவிட்டால்தான் நகரும். நாட்டில் சட்டம் வளைகிறது என்று பேப்பரில் எழுதுகிறார்கள். பனோரமாவில் நேரிலேயே போய்ப் பார்க்கலாம்.

எது கழன்றாலும் பழி ஒருவன் மேல்தான். வாளியோடு நிற்கிறானே, அவன் மேல்.

வீட்டுக்கு வந்ததும் வாளியைத் தரையில் ஓங்கி வைத்தான். வாளி பழைய தகர வாளி. உடையவில்லை.

"அக்லாயா! கேட்டுக்கோ. இனிமே பிளாஸ்டிக் ஜன்னல் கிடையாது. மரம், இரும்பு, அவ்வளவுதான்."

அவன் மனைவி அக்லாயாதான் போனில் வேலை ஒப்புக்கொள்கிறவள். அவரைக்காய்ச் சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்:

"நல்லது. பனோரமாவுல இருபது வீடு ஒத்துக்கிட்டிருக்கேன். திங்கக்கிழமை ஆரம்பம்."

"முடியாதுன்னு சொல்லிடு."

"வாக்குக் குடுத்தாச்சு. ஈஸ்டர் வாரத்துல கைவிட்டா, அப்புறம் இந்த ஊர்ல நமக்கு யாரு கதவைத் திறப்பாங்க?"

"திறந்தா கதவே கையோட வந்துரும்! அதைத்தானே சொல்றேன்!"

"பயமா?"

"எனக்கா? பயமா? பன்னிரண்டாவது மாடியில கயித்துல தொங்கினவன் நான்."

"கயிறு பழைய கயிறு. நல்ல சரக்கு" என்றாள் அக்லாயா.

துதோரெல் வாதாடுவதை நிறுத்தினான். அவளோடு வாதாடி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் சூழ்ச்சி என்று ஒன்று இருக்கிறதே!

திங்கட்கிழமை காலை, செருப்பை எடுக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

"ஐயோ! முதுகு! அக்லாயா, முதுகு பிடிச்சிருச்சு!"

திட்டம் அழகானது. நான்கு நாள் முதுகுவலி. அக்லாயா வேறு வழியில்லாமல் இருபது வீட்டுக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்பாள். அவள் சந்தைக்குப் போகும் நேரமாகப் பார்த்து அவன் நழுவி, டான்யூப் கரையில் நண்பன் ஃபெனெலோடு பகடை உருட்டுவான்.

அக்லாயா ஒரு கணம் அவனைப் பார்த்தாள். "ஐயோ பாவம்! படு, படு" என்று கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கூட்டிப்போனாள். அந்தக் கனிவிலேயே அவன் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் 'பாவம்' என்று சொன்ன ஒரே ஜீவன் பக்கத்து வீட்டுப் பூனை.

பிறகு தலையில் துணியைக் கட்டினாள். தகர வாளியை எடுத்தாள்.

"எங்க போற?"

"பனோரமாவுக்கு."

"நீயா? அதெல்லாம் அனுபவம் வேணும்டி!"

"அனுபவம்தான் படுத்துக் கிடக்கே."

படட்டும், ஒரு மணி நேரத்தில் கையில் கைப்பிடியும் கண்ணில் கண்ணீருமாக வந்து நிற்பாள் என்று துதோரெல் போர்வைக்குள் சிரித்துக்கொண்டான். அப்போது கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு ஸம்ஃபிரா அக்கா. ஓய்வு பெற்ற நர்ஸ். கையில் கடுகுப் பொட்டலம்.

"திரும்பிப் படுப்பா. அக்லாயா சொன்னா, உன்னை விட்டு அசையக் கூடாதுன்னு."

"லேசான வலிதான் அக்கா."

"லேசா இருக்கறப்பவே எரிச்சிடணும்."

முதுகில் கடுகுப் பற்று இறங்கியது. துதோரெல் அலறினான். வலிதான் வெளியே வருது என்றாள் ஸம்ஃபிரா அக்கா. முட்டையும் இறைச்சியும் விலக்கிய ஈஸ்டர் நோன்பு வாரத்திலும் நோயாளிகளுக்கு விதிவிலக்கு உண்டே, முட்டை கிடைக்குமா என்று ஈனக்குரலில் கேட்டுப் பார்த்தான். முதுகுவலிக்கு முட்டை விஷம் என்று, உப்பில்லாத அவரைக்காய் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஃபெனெல் மூன்று முறை விசில் அடித்தான். நான்காவது முறை ஸம்ஃபிரா அக்கா எட்டிப் பார்த்தாள். அதோடு விசில் நின்றது.

சாயங்காலம் அக்லாயா பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். ஐந்து வீடு முடிந்ததாம். செவ்வாய்க்கிழமை இன்னும் ஐந்து. புதன்கிழமை ஐந்து வீடும் ஒரு பெரிய இனிப்பு ரொட்டியும். உங்கள் வீட்டுக்காரருக்கு என்று கொடுத்தார்களாம். ஈஸ்டர் வரை தொடக்கூடாது என்று பரணில் வைத்துவிட்டாள். துதோரெலின் முதுகு இப்போது உண்மையாகவே எரிந்தது. அதைவிட நெஞ்சு எரிந்தது.

"ஒண்ணு கூடவா உடையலை?" என்று கடைசியில் கேட்டேவிட்டான்.

"ஏன் உடையலை? பதினாலு கைப்பிடி, ஆறு கீல். கிரியாக் அம்மா வீட்டு பால்கனிக் கதவு மொத்தமாவே வந்திருச்சு."

"அப்புறம்? உன்னைத் திட்டலையா?"

"என்னை ஏன் திட்டணும்? நானா திறந்தேன்?"

"பின்ன?"

"வீட்டுக்குள்ள போனதும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன். 'உங்க வீட்டு ஜன்னலை உங்களை மாதிரி யாரு பக்குவமாத் திறப்பாங்க அம்மா? நீங்களே திறந்து குடுங்க, நான் கண்ணாடியை மட்டும் துடைக்கிறேன்'னு சொல்லுவேன். அவங்க பெருமையாப் போய்த் திருப்புவாங்க. கையோட வரும். 'அடடா!'ன்னு நான் வருத்தப்படுவேன். அவ்வளவுதான்."

துதோரெல் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். இருபத்து மூன்று வருஷம். ஒரு தடவைகூட அவனுக்குத் தோன்றாத வாக்கியம். 'நீங்களே திறந்து குடுங்க.' அவமானம் அவரைக்காயை விடச் சப்பென்று தொண்டையில் இறங்கியது.

வியாழக்கிழமை காலை அவன் அதிசயமாகக் குணமடைந்தான். எழுந்து, குனிந்து, நிமிர்ந்து காட்டினான்.

"பார்த்தியா! வலி பறந்துருச்சு. கடைசி அஞ்சு வீடு நான் போறேன். வாளியைக் குடு."

"வலி திங்கக்கிழமையே பறந்துருச்சு. கடுகுப் பத்து போட்டதும் நீ கட்டில்லேர்ந்து அலமாரி வரைக்கும் தாவினியாமே? ஸம்ஃபிரா அக்கா அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"அன்னைக்கேவா? அப்புறம் எதுக்கு மூணு நாளும் அந்தப் பத்தைப் போட்டாங்க?"

"நான்தான் போடச் சொன்னேன்."

துதோரெல் கட்டிலில் உட்கார்ந்தான். அக்லாயா துணியைத் தலையில் கட்டிக்கொண்டாள். குரல் கொஞ்சம் இளகியது.

"வருத்தப்படாதே. உனக்கும் பனோரமாவுல வேலை பேசி வச்சிருக்கேன்."

"எனக்கா?"

"கைப்பிடி கையோட வந்தவங்க எல்லாம் சேர்ந்து நேத்துக் கட்டிடக்காரன் ஆபீசுக்குப் போயிட்டாங்க. கிரியாக் அம்மாதான் தலைமை, கதவைத் தூக்கிக்கிட்டே போனாங்க. அவன் பயந்துட்டான். மொத்தம் எழுநூறு ஜன்னல். ஒவ்வொண்ணையும் ஒரு ஆள் திறந்து, சாய்ச்சு, மூடிப் பார்க்கணுமாம். எது தேறலையோ அதை மாத்திக் குடுக்குறேன்னு ஒத்துக்கிட்டான். அதுக்கு அனுபவமுள்ள ஆள் வேணும்னாங்க. அங்க நின்ன அத்தனை பேரும் ஒரே குரல்ல உன் பேரைச் சொன்னாங்க."

துதோரெலின் மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. இருபத்து மூன்று வருஷ உழைப்புக்கு ஒருநாள் மரியாதை கிடைக்காமலா போகும்? சபதத்தைக்கூட இந்த ஒரு முறை தளர்த்தலாம் என்று தோன்றியது.

"சரி. ஊரே கேட்கும்போது என்ன செய்யறது. எப்ப வரணுமாம்?"

"ஈஸ்டர் லீவு முடிஞ்ச அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு."

"துணி, வாளி, ஏணி எல்லாம் இன்னைக்கே எடுத்து வச்சிடறேன்."

"அதெல்லாம் எதுக்கு?" என்றாள் அக்லாயா, வாளியோடு வாசல் தாண்டியபடி. "துடைக்கிறது நான். நீ உடைச்சா மட்டும் போதும்."