பிராண்டலுக்கு ஒரு டிக்

ஒயிட்னர் காய்வதற்குள் எல்மர் ஷுபர்ட்டின் மனசு மறுபடி மாறிவிட்டது.

சமையலறை மேசையில் கிடந்தது ஓட்டுச் சீட்டு. பேஸ்பால் ஆட்டக்காரர்களில் யாரைப் புகழ் மண்டபத்தில் சேர்ப்பது என்று பத்திரிகைக்காரர்கள் ஆண்டுதோறும் போடும் ஓட்டு. லோனி பிராண்டலுக்கு இதுதான் கடைசி வருஷம். தவறினால் அப்புறம் சீட்டில் பேரே வராது. டிசம்பர் முடிவதற்குள் தபால் முத்திரை விழுந்தாக வேண்டும். இன்று முப்பத்தொன்று.

பிராண்டல் ஊக்கமருந்து எடுத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஒரே குளிர்காலத்தில் தோள் சதை புடைத்து அவன் கழுத்து காணாமல் போயிருந்தது. எல்மருக்கு அது போதும். சந்தேகப்படுவதில் அவர் கில்லாடி. 'என் கை அவனுக்கு டிக் போடாது' என்று பத்திரிகையில் எழுதியவர், வருஷா வருஷம் சொன்னபடியே நடந்தும் வந்தார்.

மனைவி பெர்னிஸுக்கோ பிராண்டல் என்றால் உயிர்.

"ஊசி போட்டதைக் கண்ணால பாத்தியா?"

"கழுத்தைப் பாத்தேனே!"

"உனக்குந்தான் தொப்பை போட்டுச்சு. நான் சந்தேகப்பட்டேனா?"

கிறிஸ்துமஸ் மாதிரி இந்தச் சண்டையும் வருஷம் தவறாமல் வரும். முடிந்ததும் பெர்னிஸ் சமர்த்தாகச் சீட்டு வைத்த உறையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். உறைப் பசை நாக்கில் பட்டாலே எல்மருக்குக் குமட்டும். ஒட்டுவதும் தபாலில் சேர்ப்பதும் அவள் இலாகா.

இந்த வருஷம் டாக்டர் அவரை நடக்கச் சொல்லியிருந்தார்.

"தபால் ஆபீசுக்கு நானே நடந்து போறேன்" என்றார் எல்மர், ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோல.

பெர்னிஸ் கரண்டியைக் கீழே போட்டாள். "அதெல்லாம் வேணாம். நான்தான் போவேன்."

"உனக்கு எதுக்கு சிரமம்?"

"சிரமம்னு நான் சொன்னேனா? கடைசி வருஷத்துல வந்து ஏன் உயிரை வாங்குற?"

வாக்குவாதம் முற்றி, நேற்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு டொலீடோவிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பிராண்டல் மேல் இருந்த பாசம்தான் இப்படி வெடித்தது என்று எல்மர் முடிவு கட்டினார். தபாலுக்காக யாராவது கோபித்துக்கொண்டு போவார்களா?

வீடு அடங்கிப்போயிற்று. ரேடியோவின் மேல் அவளுடைய ஏப்ரன் கிடந்தது. பிராண்டல் அடித்து நொறுக்கிய அந்தக் கோடையில் இருவரும் இந்த ரேடியோவை விட்டு நகர்ந்ததே இல்லை. ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் பெர்னிஸ் வாணலியைத் தட்டுவாள். மாவுக் கையோடு அவரைக் கட்டிக்கொள்வாள். அந்த மாவு சட்டையில் ஒட்டாதா என்று இப்போது ஏக்கமாக இருந்தது. அவள் வந்தால் போதும்; கொள்கை கிடக்கட்டும்.

காலையில் பிராண்டலுக்கு டிக் போட்டார். உடனே போன் அடித்தது. பழைய சகா வெர்ன்.

"எல்மர், நாம ரெண்டு பேருந்தான் இன்னும் வளையாம நிக்கிறோம். உன்னை நம்பித்தான் நானும் போடலை."

வெட்கம் பிடுங்கித் தின்றது. டிக்கின்மேல் ஒயிட்னரைப் பூசினார். நிமிர்ந்தால் ஏப்ரன். ஈரத்தின்மேலேயே மறுபடி டிக் போட்டார். மை கசிந்து அடுத்த கட்டத்துக்கும் பரவியது. அங்கே இருந்தவன் ஒரு சோப்ளாங்கிப் பந்துவீச்சாளன். அவன் அம்மாகூட அவனுக்கு ஓட்டுப் போடமாட்டாள். பிளேடால் சுரண்டினார். இரண்டு கட்டமும் போய்ப் பெரிய பொத்தல் விழுந்தது.

'பொத்தலில் போனவர்களில் பிராண்டலுக்கு மட்டும் என் சம்மதம்' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு டொலீடோவுக்குப் போன் செய்தார்.

"பெர்னிஸ், பிராண்டலுக்குப் போட்டுட்டேன். நீ இல்லாம என்னால முடியல. வந்துடேன்."

"நீயா? உன் கையாலயா?"

"என் கையாலதான்."

மறுமுனையில் சிரிப்பும் அழுகையும் கலந்து கேட்டது. "ஏன் அழுற?"

"ஒண்ணுமில்ல. சாயங்கால பஸ்ல வர்றேன்."

எல்மர் பனியில் பையனைப்போல நடந்தார். தபால் ஆபீஸ் கவுன்டரில் இர்மா தலைநிமிர்ந்தாள்.

"பெர்னிஸ் வரலையா, மிஸ்டர் ஷுபர்ட்?"

"இந்தத் தடவை நான்தான். கொஞ்சம் ஒட்டிக் குடும்மா."

இர்மா ஒட்டவில்லை. ஒரு பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"இது எதுக்கு?"

"என்ன சார், இப்பவும் மறந்துட்டீங்களா? நீங்க வருஷா வருஷம் பிராண்டலை விட்டுடறீங்கன்னு, பெர்னிஸ் இங்க நின்னுதானே டிக் போட்டு ஒட்டுவாங்க!"