வீட்டை நகர்த்திப் பூண்டு நட்டவர்

வருமுன் காப்பவர் என்றொரு இனம் உண்டு. மேகத்தைப் பார்த்ததும் குடை எடுப்பவரைச் சொல்லவில்லை. அவர் சாதாரண மனிதர். நான் சொல்லும் ஆள், குடை நனைந்துவிடுமே என்று கொட்டும் மழையில் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடுகிறவர். பார்த்திருக்கிறீர்கள்தானே?

உலகின் தென்கோடியில் கிடக்கும் எங்கள் சிலோவே தீவில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி எலிசேயோ பஹமோந்தே. படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடங்களுக்கு முன் அவர் தோட்டத்தில் பிடுங்கிய ஒரு பூண்டின் அடியில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தது. ஒரே ஒரு பூண்டு. அன்றோடு அவர் மனைவி குளோரிந்தாவின் நிம்மதி போயிற்று.

வாசலில் மருந்துத் தண்ணீர் வாளி வந்தது. விருந்தாளியோ, தபால்காரரோ, வீட்டை ஆசீர்வதிக்க வந்த பாதிரியாரோ, யாராக இருந்தாலும் செருப்பை அதில் முக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தும்மல் வந்தால் கடல் பக்கம் திரும்பித் தும்ம வேண்டும். மழை விட்டதும் எலிசேயோ ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் பூண்டு இலைகளை ஒவ்வொன்றாக விசிறி ஈரம் போக்குவார், இரண்டு நாளைக்கு ஒருமுறை நாலைந்து செடிகளைப் பிடுங்கி வேரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப நடுவார். அறுவடையில் நல்ல பூண்டெல்லாம் விதைக்கு. சுமாரானதெல்லாம் பரணில், கண்காணிப்பில். சந்தேகப்பட்டதெல்லாம் அடுப்பில், எரிப்பதற்கு.

சமையலுக்கு? பக்கத்து வீட்டு நிக்கானோரிடம் வாங்குவாள் குளோரிந்தா. நிக்கானோர் பூண்டைக் குத்தி நட்டுவிட்டு மறந்துபோகிற ஆள்.

"அண்ணி, வீடு நிறையப் பூண்டை வச்சுக்கிட்டு எங்கிட்ட வாங்குறீங்களே, வெக்கமா இல்ல?"

"அந்தப் பூண்டு ஆஸ்பத்திரியில இருக்குப்பா. பாக்கத்தான் விடுவாரு. தொட விடமாட்டாரு."

ஒரு சிற்றேட்டில் எலிசேயோ படித்துவிட்டார்: இந்தப் பூஞ்சை மண்ணில் இருபது வருடம் உயிரோடு கிடக்கும், பூண்டு போட்ட இடத்தில் மறுபடி பூண்டு போடாதீர்கள். ஆகவே வருடம் ஒரு இடமாகப் பாத்தி மாறியது. கோழிக்கூண்டுக்குப் பின்னால், ஆப்பிள் மரங்களுக்கு நடுவில், முன்வாசலில், துணி காயப்போடும் இடத்தில். ஒன்பதாம் வருடம் இடம் தீர்ந்தது. மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் காலை, காப்பி ஊற்றிக்கொண்டிருந்த குளோரிந்தாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நாம எந்திரிக்கணும்."

"எந்திரிச்சுத்தானே காப்பி ஊத்துறேன்?"

"வீட்டோட எந்திரிக்கணும். பூண்டு படாத மண்ணு இந்த வீட்டுக்கு அடியிலதான் இருக்கு."

வேறு ஊராக இருந்தால் இந்தப் பேச்சுக்கு வைத்தியரை அழைத்திருப்பார்கள். எங்கள் தீவில் மரவீட்டைப் பெயர்த்து, அடியில் கட்டைகளை உருட்டி, ஊரே கூடி மாடு கட்டி இழுப்பது வழக்கம். அதற்கு மிங்கா என்று பேர். கூப்பிட்டால் வர வேண்டும். வந்தவர்களுக்கு வயிறு நிறையப் போட வேண்டும். யார், ஏன் என்று கேட்பதில்லை.

பிப்ரவரியில், எங்கள் ஊர்க் கோடையில், நாற்பது ஆட்களும் ஆறு ஜோடி எருதுகளும் வந்து சேர்ந்தன. எலிசேயோ வாளியோடு வழியை மறித்தார்.

"மாடும் காலை முக்கணுமாக்கும்?" என்றார் எருதுகளின் சொந்தக்காரரான நிக்கானோர்.

"மண்ணு எதுல ஒட்டிட்டு வந்தாலும் மண்ணுதானே? வந்தப்புறம் அழுது என்ன பிரயோசனம்?"

"பன்னெண்டு மாட்டுக்கு நாப்பத்தெட்டுக் காலு அண்ணே. நீங்க முக்கி முடிக்கிறதுக்குள்ள வீடே நடந்து போயிரும்."

முக்கினார்கள். ஒரு எருது வாளியையே குடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. மதியத்துக்குள் கூச்சலும் சிரிப்புமாக வீடு முப்பது அடி நகர்ந்து நின்றது. பழைய இடத்தில் கறுப்பாக, ஈரமாக, மிருதுவாகக் கிடந்தது மண். எலிசேயோ மண்டியிட்டு அதை அள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கல்யாணத்தன்று கூட அவர் கண்ணில் அப்படிக் கண்ணீர் வரவில்லை.

குளோரிந்தாவின் கண் மட்டும் வேறு பக்கம் போனது. அடுப்படி இருந்த மூலையில் மண்ணின் மேல் வெளுத்த சருகு மாதிரி ஒரு குவியல். அது என்னவென்று அவளுக்குத்தான் தெரியும்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் சொல்லு. யாரும் மிதிக்காம பாத்துக்க!"

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவள் வாயை மூடிக்கொண்டாள். விருந்துக்காக வெட்டிய குழியில் சூடான கற்களின் மேல் கிளிஞ்சலும் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்தன. ஆப்பிள் கள் ஓடியது. சொல்ல நேரமா அது?

ஏப்ரலில் இருநூறு பல் நட்டார். நவம்பரில் இலைகள் மஞ்சளாயின. பிடுங்கினால், வேரெல்லாம் வெள்ளைப் பஞ்சு.

"எப்படி வந்துச்சு? நாப்பத்தெட்டுக் காலையும் முக்கினேனே!" என்று பாத்தி நடுவே உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான்தாங்க. முப்பது வருசமா அடுப்படிப் பலகை இடுக்குல பூண்டுத் தோலைக் கூட்டித் தள்ளிட்டிருந்தேன். அழுகினதையும் சேத்துத்தான்."

கத்துவார் என்று நினைத்தாள். அவர் கையிலிருந்த பூண்டைப் பாத்தியில் வைத்தார். பிறகு மெல்ல, "புது எடத்துலயும் அந்த இடுக்கு இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"இனிமே தள்ளாத. இருபது வருசத்துல அடி மண்ணு சுத்தமாயிரும், வீட்டைத் திரும்ப இழுத்துக்கலாம்."

அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது ஆகியிருக்கும். குளோரிந்தா எழுந்து, பாத்தியில் நோய் தொடாமல் நின்ற பதினொரு செடிகளை அவர் கண் முன்னாலேயே பிடுங்கி, உரித்து, உருளைக்கிழங்கோடு வதக்கித் தட்டில் போட்டாள். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக எலிசேயோ தன் பூண்டைத் தின்றார். மென்றுகொண்டே சொன்னார்: "பரவால்ல. நிக்கானோர் பூண்டு மாதிரியே இருக்கு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்கு முன், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலியை வாங்கி எத்தனை வருடம் ஆகிறது? மேலே சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டீர்களா?