பறவை பார்க்கப் போன சம்பந்தி

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சின்னப் பொய்யாகத் தொடங்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதுவரை எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

மகள் அபி ஒரு ஜெர்மன் பையனைக் கட்டப்போகிறாள் என்று முடிவான நேரம் அது. பையனின் தகப்பன் டீட்டர் ஓய்வுபெற்ற தபால்காரர், பறவைப் பைத்தியம். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகச் சாப்பிட வந்தவர், "உங்களுக்குப் பறவைகள் பிடிக்குமா?" என்று கேட்டார்.

"என்ன இப்படிக் கேட்கிறீர்கள்? கடல்நீரேரிக் கரையில் பிறந்தவன் நான். பறவைகளோடுதான் வளர்ந்தேன்" என்றேன். (காகமும் கோழியும்தான் எனக்குத் தெரியும். கோழியும் கறியாகத்தான் கூடுதல் பழக்கம்.)

அடுத்த சனிக்கிழமை காலை, ரைன் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சதுப்பு நிலச் சரணாலயத்தில் நானும் மனைவியும் அபியும் நின்றோம். டீட்டரின் நடைக் குழுவில் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் என்னைப் "பறவை நிபுணர்" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

அபி என் காதருகே வந்தாள். "அப்பா, தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோ."

"ஓம், ஓம். நீ பேசாமல் நட."

எனக்குத் தெரிந்ததெல்லாம் புல்லும் தண்ணீரும்தான். திடீரென்று எல்லோரும் "ஆ!" என்றார்கள். நானும் "ஆ!" என்றேன்.

"ஆள்காட்டிக் குருவி! பார்த்தீர்களா?" என்றார் டீட்டர்.

"அழகு."

"இடது பக்கம் நின்றதையா, வலது பக்கம் நின்றதையா?"

"நடுவில் நின்றதை."

டீட்டர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு நடந்தார்.

மூன்று மணி நேரம் இப்படியே போனது. சரணாலயத்தைத் தாண்டி ஒரு கிராமத்துக்குள் வந்துவிட்டோம். நான் ஒரு பறவையைக்கூடக் கண்டுபிடித்துக் காட்டவில்லை. மானம் போகிறதே என்று நினைத்த நேரத்தில், ஒரு வீட்டுத் தோட்டத்தில், சின்னக் குளத்தின் ஓரத்தில் அதைக் கண்டேன். சாம்பல் நிறக் கொக்கு. ஒற்றைக் காலில் நின்றது.

கையை உயர்த்தினேன். பதினைந்து பேரும் வேலியோரம் மூச்சடக்கி நின்றோம்.

"மீனுக்காகக் காத்திருக்கிறது" என்று மெல்லிய குரலில் விளக்கினேன். "கண்கூட இமைக்காது. இது பெண் கொக்கு. கழுத்தைப் பார்த்தால் தெரியும்."

யாரும் எதுவும் பேசவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டு மேலும் ஐந்து நிமிடம் பேசினேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா புல்வெட்டும் மெஷினோடு வந்தார். "மோர்கன்!" என்று எங்களுக்குக் காலை வணக்கம் சொன்னார். கொக்கின் கழுத்தைப் பிடித்துப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அது நின்ற இடத்துப் புல்லை வெட்டினார். பிறகு கொக்கைத் திரும்ப மண்ணில் குத்தினார்.

அபியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கலியாணம் குழம்பினால் அதற்குக் காரணம் சாதியுமில்லை, மதமுமில்லை, என் வாய்தான். மற்றவர்களை முன்னே போகவிட்டு டீட்டரை நிறுத்தினேன்.

"எனக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது."

"தெரியும்" என்றார் அவர். "நடுவில் ஆள்காட்டி எதுவும் இருக்கவில்லை."

தலையைக் குனிந்தேன். அவர் சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் புல்லில் தேய்த்தபடியே நின்றார்.

"உங்கள் வீட்டில் உறைப்பே இல்லை என்று சொல்லி இறால் குழம்பை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேனே" என்றார் கடைசியில். "இரவு முழுக்க ஐஸ்கட்டியை வாயில் வைத்துக்கொண்டு இருந்தேன். என் மனைவி ஆம்புலன்சைக் கூப்பிடவா என்று கேட்டாள்."

இருவரும் சிரித்த சிரிப்பில், பக்கத்து வயலில் இருந்து ஏதோ பறவைக்கூட்டம் எழுந்து பறந்தது. (என்ன பறவை என்று நான் சொல்லவில்லை.)

கலியாணம் நடந்து ஆறு வருடமாகிறது. டீட்டர் இப்போது எங்கள் வீட்டில் குழம்பில் தயிரை வெளிப்படையாகவே ஊற்றிக்கொள்கிறார். எனக்குத்தான் பழைய வாய் இன்னும் போகவில்லை. போன மாதம் உடுப்புத் தோய்க்கும் மெஷின் பழுதானபோது, "இதெல்லாம் எனக்குச் சின்ன வேலை" என்று திருப்புளியை எடுத்தேன். மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இஞ்சாருங்கோ, இது உயிருள்ள கொக்கோ, பிளாஸ்டிக்கோ?"

திருப்புளியை மேசை லாச்சியில் வைத்துவிட்டு, மெஷின் திருத்துகிறவருக்குப் போன் எடுத்தேன்.