எம்பாவின் ஆணி முட்டைகள்

அப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டால் கராங்மிரியில் வாத்து நடக்கக்கூட வழி கிடைக்காது. தெகாலிலிருந்து பஸ், சிரெபோனிலிருந்து வேன், ஒரே மோட்டார் சைக்கிளில் மாமியாரை நடுவில் நெருக்கி உட்காரவைத்துக்கொண்டு வருகிற மருமகன்கள். எல்லாரும் எதற்காக வருகிறார்கள்? ஒரு முட்டைக்காக ஐயா, ஒரே ஒரு வாத்து முட்டைக்காக!

வைத்தியம் பார்ப்பவர் எம்பா வோங்சோ. 'எம்பா' என்றால் தாத்தா. வயது ஐம்பத்தெட்டுதான், ஆனால் தாடிக்கு வயது அதிகம். நோயாளி பாயில் படுக்க வேண்டும். கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, மல்லிகைத் தண்ணீர் தெளித்து, தலையிலிருந்து பாதம்வரை உருட்டுவார். வாய் ஏதோ முணுமுணுக்கும். பிறகு வெள்ளைத் தட்டில் முட்டையை உடைப்பார். மஞ்சள் கருவுக்கு நடுவே என்ன? துருப்பிடித்த ஆணி! "உன் நோய் இதுதான். வெளியே வந்துடுச்சு. போ!" என்பார். கூட்டம் வாயில் கை வைக்கும்.

சாதாரணக் காய்ச்சலுக்கு ஒரு ஆணி. இடுப்பு வலிக்கு இரண்டு. கொஞ்சம் வசதியானவர் என்றால் மூன்று. செய்வினை என்று பயந்து வந்தால் ஒரு கொத்து முடி. ஒரு தடவை ஒரு லாரி முதலாளிக்குத் திருகாணியே வந்தது. தொழிலுக்கேற்ற நோய் பாருங்கள், எவ்வளவு பொருத்தம்!

வேடிக்கை அதில் இல்லை. இது நடந்தது எந்த ஊரில் தெரியுமா? பிரெபெஸ் பக்கத்தில், உப்பு முட்டையால் பிழைக்கிற ஊரில். இங்கே வீட்டுக்கு வீடு வாத்து. வாசலெல்லாம் செங்கல் தூளும் உப்பும் பிசைந்த சேறு. அந்தச் சேற்றைப் பூசி முட்டையை ஊறவைப்பதற்கு முன், ஒவ்வொன்றையும் இருட்டில் விளக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, கீறல் உண்டா, உள்ளே கெட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு 'வெளிச்சம் பார்ப்பது' என்று பேர். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் முட்டை பார்க்கிற கண்கள் இந்த ஊரில் இருக்கின்றன. அந்தக் கண்களுக்கு முன்னாலேயே ஒருத்தன் முட்டையைக் காட்டிக் காசு பார்த்தான்!

வாஸ்ரிக்கு அப்படிப்பட்ட கண். சுனேதி அக்காவின் உப்பு முட்டைப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக வெளிச்சம் பார்க்கிறாள். அவளுடைய அப்பா தார்மிடிக்கு எழுபத்து மூன்று வயது. அவரும் நாற்பது வருஷம் அதே வேலை பார்த்து ஓய்ந்தவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலையில் அவருக்கு வாய் கோணிக்கொண்டது. வலது கை தூக்கவில்லை. நல்ல வேளை, பிழைத்தார். "ரத்த அழுத்தம். தினமும் காலையில் ஒரு மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது. இன்னொரு தடவை வந்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது" என்று சுகாதார நிலையத்து நர்ஸ் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினாள்.

சொல்லிவிட்டாள். தார்மிடிக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தால் அல்லவா தெரியும்! முதல் மாதம், "போட்டாச்சு, போட்டாச்சு" என்பார். மாத்திரை நாக்குக்கு அடியில் இருக்கும். இரண்டாம் மாதம் வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தாள். பழம் மட்டும் உள்ளே போயிற்று. மூன்றாம் மாதம் அவள் வாத்துகளில் ஒன்று எந்நேரமும் தூங்கி வழிந்தது. என்னடா இது என்று மறைந்திருந்து பார்த்தால், பெரியவர் கொல்லைப்புறம் உட்கார்ந்து வாத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அப்பா! வாத்துக்கு எதுக்கு பிரஷர் மாத்திரை?"

"அதுவும் பாவம், ரொம்பக் கத்துதுல்ல."

கடைசியில் வாஸ்ரி முப்பது குழி முட்டை அட்டை ஒன்றைச் சுவரோரம் வைத்தாள். குழிக்கு ஒரு மாத்திரை. ஒவ்வொரு குழியிலும் தேதி. "அப்பா, இது உங்க அட்டை. காலி பண்ண வேண்டியது உங்க பொறுப்பு. அட்டையில முட்டை விட்டுப்போனா நீங்க என்னை எப்படித் திட்டுவீங்க?" அவ்வளவுதான். கிழவருக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. ஒவ்வொரு காலையும் கஞ்சி குடித்ததும் தானே போய் அந்தந்த நாளின் குழியைக் காலி செய்தார். வாஸ்ரி வேலைக்குப் போகும்முன் ஒரு பார்வை பார்த்தால் போதும். எட்டு மாதம் ஒரு குழி தவறவில்லை. நர்ஸ் அந்த அட்டையைப் போட்டோ எடுத்து மற்ற வீடுகளுக்கும் காட்டினாள்.

அப்புறம்தான் எம்பா வந்து சேர்ந்தார்.

ஒரு செவ்வாய், வாஸ்ரி பட்டறையில் இருந்த நேரம், சுனேதி அக்கா பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய் எம்பாவின் பாயில் படுக்க வைத்துவிட்டாள். மூன்று ஆணி! "நோய் வெளியே வந்துடுச்சு. இனிமே மாத்திரை உள்ளே போனா ஆணி மறுபடி முளைக்கும். இன்னும் ரெண்டு தடவை வாங்க" என்றார் எம்பா. முட்டை ஒன்று ஐம்பதாயிரம் ரூபியா. கடையில் மூவாயிரம். மீதியெல்லாம் ஆணியின் விலை போலிருக்கிறது.

பட்டறை அவசரத்தில் சில நாள் விட்டு வாஸ்ரி அட்டையைப் பார்த்தாள். ஐந்து குழி நிறைந்து கிடந்தது; ஐந்து நாளாக மாத்திரை உள்ளே போகவில்லை. அப்பாவை இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். நூற்றுத் தொண்ணூற்றைந்து. நர்ஸ் பிரஷர் கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். அதே நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார் தார்மிடி, நர்ஸ் நீட்டிய மாத்திரையைத் தள்ளிவிட்டு. "லேசா கிறுகிறுங்குது. ஆணி இருந்த இடம் ஆறுதுன்னு எம்பா சொன்னாரு."

வீட்டுக்கு வந்ததும், அவர் மஞ்சள் துணியில் கட்டி வாசல் நிலையில் தொங்கவிட்டிருந்த முட்டை ஓட்டுத் துண்டுகளை அவிழ்த்தாள். எம்பா கொடுத்த காப்பு. ஒரு துண்டின் ஓரம் நேர்த்தியாக வட்டமாக இருந்தது. விரலால் சுரண்டினாள், சுண்ணாம்பு உதிர்ந்தது.

"அப்பா, இங்க பாருங்க. ஓட்டை போட்டு அடைச்சிருக்கான்."

"பின்னே? ஓட்டை இல்லாம ஆணி எப்படி உள்ள போகும்?"

"சரி. ஆணி போனப்புறம் சுண்ணாம்பு வச்சு அடைச்சது யாரு?"

தார்மிடி ரொம்ப யோசித்தார். "ஆணியே அடைச்சிருக்கும்" என்றார்.

இவரிடம் பேசிப் பலன் இல்லை என்று வாஸ்ரிக்குப் புரிந்தது. சுனேதி அக்காவிடம் போனாள். அவள் இன்னும் மேலே. "உடைஞ்சதுக்கு அப்புறம் ஓட்டை இருந்தா என்னடி, இல்லாட்டி என்னடி? ஆணி வந்துச்சா இல்லையா?" என்றாள். அப்போதுதான் வாஸ்ரிக்கு மண்டையில் உறைத்தது. எல்லாரும் முட்டையை உடைத்த பிறகே பார்க்கிறார்கள். உருட்டுவதற்கு முன்னால் ஒருத்தரும் பார்த்ததில்லை.

பார்க்க முடியாதபடி எம்பா ஒரு விதி வைத்திருந்தார். முட்டை அவருடைய கூடையிலிருந்துதான் வர வேண்டும். அதில் வெளிச்சம் படக் கூடாது. பட்டால் நோய்க்குக் கூச்சம் வந்து உள்ளே வராதாம்! ஆனால் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். உருட்டுவதற்கு முன் நோயாளி முட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் நோயை அதன் காதில் சொல்ல வேண்டும். முட்டைக்குக் காது எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அந்த அரை நிமிஷம் முட்டை நோயாளியின் கையில் இருக்கும்.

அடுத்த செவ்வாய், தார்மிடியின் இரண்டாம் முறை. "அப்பா, இன்னைக்கு எனக்கும் தலைவலி. நான் முதல்ல படுத்துக்கறேன்" என்றாள் வாஸ்ரி. "பாத்தியா, வழிக்கு வந்துட்டா!" என்று சுனேதி அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பாயில் உட்கார்ந்ததும் எம்பா முட்டையை நீட்டினார். "சொல்லும்மா, உன் நோயைச் சொல்லு."

"எம்பா, இது பொம்பளைங்க சமாச்சாரம். இத்தனை பேர் முன்னால வெக்கமா இருக்கு. கைலிக்குள்ள சொல்லிக்கவா?"

எம்பா பெருந்தன்மையாகத் தலையாட்டினார். வாஸ்ரி கொண்டுவந்திருந்த கைலியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உள்ளே கும்மிருட்டு. செல்போன் விளக்கைப் போட்டு, முட்டையை அதன்மேல் வைத்தாள். இருபத்திரண்டு வருஷக் கண்ணுக்கு ஒரு நொடி எதற்கு?

"எம்பா!" என்று கைலிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இதுல ஏற்கெனவே ரெண்டு ஆணி இருக்கே!"

கூட்டம் கழுத்தை நீட்டியது.

"நான் இன்னும் என் நோயைச் சொல்லவே இல்ல எம்பா! தலைவலி முன்னாடியே வந்து இடம் பிடிச்சிடுச்சா?"

"வெளிச்சம்! வெளிச்சம் காட்டிட்டா!" என்று அலறினார் எம்பா. "தீட்டு! அந்த முட்டைய இப்படிக் குடு!"

"இருங்க எம்பா" என்று சுனேதி அக்கா எழுந்தாள். பக்தி ஒரு பக்கம் இருந்தாலும் அவள் பட்டறைக்காரி. ஒருத்தி முட்டையில் ஏதோ இருக்கிறது என்றால் தானும் ஒரு பார்வை பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. கைலிக்குள் தலையை விட்டாள். பிறகு ஒரு அலறல்: "அடப்பாவி! ஓட்டை போட்டு அடைச்ச முட்டை! இந்த மாதிரி முட்டையக் கொண்டுவந்தா நான் ஆளையே வேலைய விட்டுத் தூக்கிடுவேன்!"

வெளியே வந்த கையோடு எம்பாவின் கூடையை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! கராங்மிரிக்காரர்களுக்கு ஒரு கூடை முட்டையையும் ஒரு விளக்கையும் கொடுத்தால் கை சும்மா இருக்குமா? கைலியைச் சுற்றி வரிசை நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர் கூவுவார், வெளியே இருப்பவர் பிரித்து வைப்பார், பட்டறையில் செய்கிற அதே மாதிரி.

"ஒத்த ஆணி!"

"இந்தப் பக்கம்."

"ரெண்டு ஆணி!"

"அந்த அட்டையில வை."

"முடி! இது முழுக்க முடி!"

"முடிக்குத் தனி அட்டை எடுங்கடி!"

"இதுல ஒண்ணுமே இல்லியே!"

"அது யாரோ காசு கம்மியாக் குடுத்த ஆளுக்கு!"

சிரெபோன்காரர்கள் பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டுக் கைலிக்குள் தலை நுழைக்கக் கெஞ்சினார்கள். சிரித்துச் சிரித்து ஒரு மாமியாருக்கு விக்கலே வந்துவிட்டது.

எம்பாவுக்கு முகம் செங்கல் நிறமாகிவிட்டது. "உங்க எல்லாரையும் சபிப்பேன்! வயித்துல ஆணி முளைக்கும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும், காசு வாங்கும் மேசையிலிருந்து அவர் மனைவி இமாஸ் பதறி ஓடி வந்தாள். புருஷன் பிழைக்க வேண்டுமே, பாவம், அவளுக்குக் கூட்டமா தெரியும்?

"ஏங்க, கத்தாதீங்க! பிரஷர் ஏறுது பாருங்க! காலையில அவசரத்துல மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

"சும்மா இருடி!"

"எத்தனை தடவை சொல்றது! ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? இந்தாங்க, வாயத் திறங்க!" இடுப்புப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துவிட்டாள்.

ஊரே அந்தக் கையைப் பார்த்தது.

கைலிக்குள் கடைசியாகத் தலையை விட்டிருந்தவர் தார்மிடி. ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு முட்டை இருந்தது. அதற்குள் மூன்று ஆணி. முகத்தில் அப்படியொரு அவமானம். "நாப்பது வருஷம் முட்டை பாத்தேன்" என்றார் மெதுவாக. "என்னையே படுக்க வச்சு உருட்டிட்டான்." வாஸ்ரி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் நேரே இமாஸிடம் போனார். அவள் கையிலிருந்த பச்சை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாஸ்ரி, இது என் மாத்திரைதானே?"

"அதேதான்ப்பா."

"உங்க வீட்டுக்காரர் இதத் தினமும் போடறாராம்மா?"

"ஏழு வருஷமா ஒரு வேளை விட்டதில்ல அண்ணே" என்றாள் இமாஸ் பெருமையாக. "நான் விட்டாத்தானே!" சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

"ஏன் எம்பா" என்றார் தார்மிடி, "கூடை நிறைய முட்டை வச்சிருக்கே. உன் மேல நீ ஒண்ணு உருட்டிக்கக் கூடாதா?"

இமாஸ் திணித்ததில் எம்பாவின் வாயில் மாத்திரை இருந்தது.

அன்றைக்கே வாஸ்ரி அப்பாவைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியிலேயே அவர் கை நீட்டி மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கினார். தண்ணீர் வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. மூன்று வாரத்தில் அழுத்தம் இறங்கியது, கிறுகிறுப்பு நின்றது.

எம்பா அந்தச் சாயங்காலமே ஊரைவிட்டு ஓடிவிட்டார். இப்போது மலையடிவாரத்தில் ஏதோ ஊரில் இருக்கிறாராம். முட்டையை விட்டுவிட்டாராம்; தேங்காயாம். கூட்டத்துக்கும் குறைவில்லையாம். நம் ஜனங்களுக்கு உடைப்பதற்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதானே! நீங்களும் ஒருநாள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு அந்த வரிசையில் நிற்க நேர்ந்தால், தேங்காயைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சாமி, உங்களுக்கு உடம்புக்கு வந்தா நீங்க என்ன சாப்பிடுவீங்க?" அவர் வீட்டு அம்மாவிடம் கேட்டால் இன்னும் நல்லது. பதில் வரும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள், மூளையையும்தான்.