பாங்க் கொடுத்த காலிப் பெட்டி

தப்பு செய்கிறவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதி மானமாவது மிஞ்சும். நான் தப்பையும் செய்துவிட்டு, பக்கத்து ஊர் வரை போய்ச் சத்தமும் போட்டவன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஜாவா என்ற கணினி மொழி படித்த திமிரோடு சிவகாசிக்குத் திரும்பியிருந்தேன். மாமாவுக்குப் பட்டாசுக் கம்பெனி. வெளியூர் வியாபாரிகள் இணையத்தில் ஆர்டர் கொடுத்து, பாங்க் மூலம் பணம் கட்ட ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். "சீசனுக்கு முன்னாடி ஓடுச்சுன்னா தையில கல்யாணம்" என்றார். பெண், அவர் மகள் செல்வி. கம்பெனிக் கணக்கெல்லாம் அவள்தான் பார்த்தாள். எனக்கு அவளைச் சொல்ல முடியாத அளவு பிடிக்கும்.

மாமா போட்ட நிபந்தனை ஒன்றுதான். "எரர்னு ஒண்ணு கண்ணுல படக் கூடாதுலே. நம்ம தொழில்ல தப்புன்னா கட்டடமே போயிரும்."

நானும் பணிந்தேன். ஏதாவது கோப்பு கிடைக்காவிட்டால், சத்தமில்லாமல் அதே பெயரில் காலியாக ஒன்றைப் புரோகிராமே உண்டாக்கிக்கொள்ளும்படி எழுதினேன். (என்ன மூளை!)

பாங்க் தன் சான்றிதழை கீஸ்டோர் என்ற கோப்பில் போட்டு, சிடியில் கொடுத்திருந்தது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பாங்க் நம்மோடு பேசாது. அதைக் கம்பெனிக் கணினியில் ஏற்றி, மாமா முன்னால் புரோகிராமை ஓட்டிக் காட்டினேன். 'சான்றிதழ்கள்: 0' என்றது திரை. கணினியை அணைத்துப் போட்டேன். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். பூஜ்யம் அசையவில்லை.

"பாங்க்காரன் காலிப் பெட்டியைக் குடுத்து ஏமாத்திட்டான் மாமா" என்றேன்.

மாமா காரை எடுத்துவிட்டார். ஆமத்தூர் தாண்டும்வரை பாங்க்காரனை எனக்குக் கேட்கத் திட்டினார். விருதுநகர் பாங்கில் எல்லோருக்கும் கேட்கத் திட்டினார். நானும் ஒத்து ஊதினேன். அங்கிருந்த கணினி ஆள், நாங்கள் கொண்டுபோன அதே சிடியைப் போட்டு ஒரு கட்டளை தட்டினார். சான்றிதழ் ஜாதகம் போல விரிந்தது.

"ஏலே, இங்கன இருக்கே!" என்றார் மாமா.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மாமாவின் செல்லில் செல்வி. அவர் என்னிடம் நீட்டினார்.

"அத்தான், இங்கன கம்பெனி கம்ப்யூட்டர்ல ஒரே பேர்ல ரெண்டு பைல் கெடக்கு. பாங்க் குடுத்ததை நீங்க வேற போல்டர்ல வச்சிருக்கீக. காலியா ஒண்ணு, இன்னைக்கு உங்க புரோகிராம் செஞ்சது. நீங்க எதைத் தொறந்து பாத்தீக?"

மாமா காரைச் சிவகாசிக்குத் திருப்பினார். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். வந்ததும் கோப்பு இருக்கும் இடத்தை ஒழுங்காக எழுதினேன், புரோகிராம் ஓடியது. மாமா மகளைப் பார்த்தார்.

"இவனைத் தனியா விட்டா ஊரையே சண்டைக்கு இழுப்பான். தையிலயே முடிச்சிருவோம்."

இன்றும் பிரிட்ஜைத் திறந்து "தயிர் இல்லையே" என்று நான் கத்தினால், செல்வி எழுந்து வருவதில்லை.

"மொதல்ல அது நம்ம வீட்டு பிரிட்ஜான்னு பாருங்க."

(பார்த்தேன். நம்முடையதுதான். தயிரும் இருந்தது.)