மூன்று நட்சத்திர மனைவி

மவுஸைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இனி விசைப்பலகை மட்டும்தான் என்று வீட்டில் அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை.

தலை நரைக்கும்வரை ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். அலமாரிக்கு அலமாரி சீட்டு ஒட்டியே ஆயுள் போயிற்று. சுயசரிதை எழுத உட்கார்ந்தபோது கிடைத்த மென்பொருளும் என் ஜாதகத்துக்கு ஏற்றதாக இருந்தது. ஒரு நட்சத்திரம் போட்டால் பெரிய தலைப்பு. இரண்டு போட்டால் அதற்கு அடங்கியது. மூன்று போட்டால் அதற்கும் அடங்கியது. டேப் விசையைத் தட்டினால் தலைப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் மடிந்து மறையும். உள்ளே சரக்கு உண்டு என்பதற்கு வாலில் மூன்று புள்ளி நிற்கும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மேல் அம்பைத் தட்டினால் தலைப்பு ஒரு படி ஏறும். அதன் பிள்ளைகுட்டிகளும் வாய் பேசாமல் பின்னாலேயே ஏறும். என் குடும்பத்தில் நான் பார்க்காத காட்சி.

வீட்டில் ஜன்னல் வைத்த அறை ஒன்றுதான். அதில் தன் தையல் மிஷினைப் போட வேண்டும் என்பாள் மனைவி. எனக்கு எழுத வேண்டும் என்றேன். அவள் தம்பி அச்சகம் வைத்திருக்கிறான். அவன் பஞ்சாயத்து பேசினான். மழைக்காலம் முடிவதற்குள் புத்தகம் அவன் கைக்கு வந்தால், எழுதியவருக்கு அறை. வராவிட்டால் மிஷினுக்கு.

தினமும் உட்கார்ந்தேன். தலைப்புகளை ஏற்றினேன், இறக்கினேன், மடித்தேன், விரித்தேன். எந்த விசை எதற்கு என்று உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டுவேன். மனைவி அறை வாசற்படியில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள என்னங்க இருக்கு?"

"மடிச்சு வெச்சிருக்கேன்."

"நானும்தான் தினம் மடிக்கிறேன். உள்ள துணி இருக்கும்."

முறைத்தேன். அவள் நகரவில்லை.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

காட்டினேன். 'இதர' என்று ஒரு பெரிய தலைப்பு. அதன் கீழே 'வீடு'. அதற்கும் கீழே, மூன்று நட்சத்திரத்தோடு, 'மனைவி'. ஸ்டோரில் எந்த அலமாரியிலும் சேராத சாமானை 'இதர' என்ற தட்டில்தான் போடுவோம். அது தொழில் முறை.

"பரவாயில்லையே, மூணு நட்சத்திரம் போட்டிருக்கீங்க."

"நட்சத்திரம் கூடக் கூட மதிப்பு கம்மி."

துணியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மழை குறையத் தொடங்கியது. தலைப்புகள் தயார். அவற்றின் கீழே ஒரு வரி கிடையாது. கழுத்து வலி என்று வாரக்கணக்கில் படுத்துவிட்டேன். வலி கழுத்தில் இல்லை.

கெடு முடியும் அன்று காலையில், தோற்றதை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கணினியைத் திறந்தேன். வெறுமையாக விட்டிருந்த சின்னத் தலைப்புகளின் வாலில்கூட மூன்று புள்ளி. முதல் தலைப்பில் டேப் தட்டினேன். 'நான் பிறந்ததும் அழவில்லையாம். யாரிடம் அழுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேனாம்.' என் அம்மா சொன்னது. இவளுக்கு மட்டும்தான் தெரியும். அத்தியாயம் முழுக்க 'நான்', 'நான்' என்று என் குரலிலேயே எழுதியிருந்தாள்.

புருஷன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நன்றி சொன்னால் தலையில் ஏறி உட்காருவாள் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் மடித்தேன். தலைப்புக்குத் தலைப்பு தாவி இறங்கினேன். போகிற இடமெல்லாம் புள்ளி. திறந்து படிக்க என்ன இருக்கிறது, என் வாழ்க்கைதானே. தாவுவதைப் பாதியோடு நிறுத்தி, முழுவதையும் மச்சானுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் போன் வந்தது.

"அத்தான், முதல் அத்தியாயத்தை எடுத்துட்டேன். இழுவையா இருந்துச்சு."

"அது இல்லாம எப்படிடா கதை ஆரம்பிக்கும்?"

"அக்கா உங்க வீட்டுக்கு வந்த நாள்ல ஆரம்பிக்குது. அங்கேருந்து கீழ வைக்க முடியல. உள்தலைப்புகளையும் தூக்கிட்டேன். மேல 'பணியிட மாற்றங்கள்'னு இருக்கு, உள்ள அக்காவோட பிரசவம். பொருந்தல."

ஓடிப்போய் அந்தத் தலைப்பைத் திறந்தேன். 'அவர் சரக்குக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தார். நான் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன்.' வருடாந்திரக் கணக்கெடுப்பு. நான் போகாமல் வேறு எவன் போவான்? அடுத்ததைத் திறந்தேன். அவள். அதற்கடுத்ததும் அவள். கடைசிவரைக்கும் தட்டிக்கொண்டே இறங்கி 'இதர'வுக்கு வந்தேன். மூன்று நட்சத்திரத்தோடு 'மனைவி'. அதற்கு மட்டும் புள்ளி இல்லை.

பின்னால் நின்றிருந்தாள்.

"இது ஏன் காலியா இருக்கு?"

"அதையாவது நீங்க எழுதுவீங்கன்னு விட்டேன்."

விசைப்பலகை முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். சரக்கு வரவில்லை. அவள் நிதானமாகக் காத்திருந்துவிட்டு, எழுந்திருங்க என்றாள். மிஷின் ஹாலிலேயே கிடக்கட்டுமாம். எழுதுகிறவளுக்கு அறை வேண்டுமாம். ஒப்பந்தம் அப்படித்தானே என்று மச்சானும் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். அடுத்த புத்தகத்தை ஆரம்பித்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறாள்.

நான் ஹாலில் உட்கார்ந்து தலையணை உறைக்கு ஓரம் தைக்கிறேன். அது கோணலாம், பிரித்துத் தைக்க வேண்டுமாம்.